ஃபைன் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் தம்பி (வயது 29), நண்பனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அப்பா பெயரில் இருக்கும் பைக்கில் வந்தபோது பைபாஸ் ரோட்டில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மெஷின் 68 காட்டியது. “ஒரே ஒரு பீர்தான் அக்கா” என்கிறான். லைசென்சை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. 2021லும் இதே மாதிரி மாட்டி, கோர்ட்டில் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்தான். இப்போதும் கட்டிவிட்டால் முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஐயாயிரம் கொடுத்தால் கேஸே இல்லாமல் செய்து தருகிறேன் என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொன்னாராம். தம்பியைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் பேசி வைத்திருக்கிறோம். ஜெயில் வருமா? லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா? மெஷின் தப்பாகக் காட்டியிருக்குமா? அப்பாவுக்கும் அந்த நண்பனுக்கும் சிக்கல் உண்டா?
— ஓர் அக்கா, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. “2021லும் மாட்டி, கோர்ட்டில் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்தான்.” மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இந்த வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதும் இதுவும் ஒரே மாதிரி ஃபைன் என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். ஹெல்மெட், சிக்னல் போன்றவற்றில் அங்கேயே பணம் கட்டினால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகாமலே முடியும். சமரசக் கட்டணம் என்பார்கள். எந்தெந்தக் குற்றங்களை இப்படி முடிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 200வது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. குடித்துவிட்டு ஓட்டுவதைச் சொல்லும் 185வது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ரோட்டிலேயே கட்டி முடிக்கும் வழி சட்டத்தில் கிடையாது. மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்பார். “ஆமாம் ஐயா” என்று தலையாட்டிவிட்டுப் பணம் கட்டினால், அது குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனை. தம்பி 2021ல் கட்டிய பத்தாயிரம் அப்படிப்பட்டதுதான். பத்து நிமிஷத்தில் முடிந்ததால் அவருக்கு அது தண்டனையாகத் தெரிந்திருக்காது. என் கட்சிக்காரர்கள் பலர், தங்கள் மேல் ஒரு குற்றத் தீர்ப்பு இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

இப்போது அது ஏன் முக்கியம் என்கிறேன். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன்னால், முதல் குற்றத்துக்கு அபராதம் இரண்டாயிரம் ரூபாய் வரை. இரண்டாவது குற்றத்துக்கு மூவாயிரம் வரை. அதுவும் முதல் குற்றம் நடந்து மூன்று வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் இரண்டாவது கணக்கு. திருத்தத்தில் மூன்று காரியம் செய்தார்கள். தொகையை முதல் முறைக்கு 10,000, அடுத்த முறைக்கு 15,000 என்று உயர்த்தினார்கள். “வரை” என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதனால் குறைத்துக் கேட்க இடமில்லாமல் போயிற்று. மூன்றாவதாக, அந்த மூன்று வருஷ எல்லையையும் நீக்கினார்கள். பேப்பரில் தொகையைத்தான் பெரிதாகப் போட்டார்கள், எல்லை போனது யார் கண்ணிலும் படவில்லை. தம்பியை 2021 விவகாரம் இன்றும் துரத்துவதற்குக் காரணம் இதுதான். எத்தனை வருஷம் கழிந்தாலும் அது முதல் குற்றம், இது இரண்டாவது.

சரி, ஜெயில் வருமா? முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 அபராதம், அல்லது இரண்டும். நடுவில் இருக்கும் ‘அல்லது’வைக் கவனியுங்கள். சிறை கட்டாயம் இல்லை, மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. விபத்து இல்லை, யாருக்கும் காயமில்லை, போலீசோடு தகராறு இல்லை என்றால் அபராதத்தோடு விடுவதுதான் நான் அதிகம் பார்த்தது. சில கோர்ட்டுகளில் அபராதத்தோடு ‘கோர்ட் கலையும் வரை’ உட்கார வைப்பார்கள். அதற்கும் சிறைத்தண்டனை என்றுதான் பெயர். ஆனால் இரண்டாம் முறை என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் பார்க்கும் பார்வையே வேறு. வக்கீல் இல்லாமல் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒன்று மட்டும் நிம்மதி: இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்.

இரண்டாவது குற்றம் என்று தண்டிக்க வேண்டுமானால், முந்தைய தண்டனையைக் குற்றச்சாட்டில் சொல்லி, தீர்ப்பு நகலோடு போலீஸ் நிரூபிக்க வேண்டும். பல நேரம் அவசரத்தில் இதையும் முதல் குற்றமாகவே போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் நீங்களாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். என்ன போட்டிருக்கிறார்கள் என்று சம்மன் நகலைப் பார்த்தால்தான் தெரியும், அதை முதலில் வாங்குங்கள். 2021 தண்டனையை இப்போது மேல்முறையீட்டில் உடைக்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு வாங்கிய தண்டனைக்கு, தண்டனையின் அளவும் சட்டப் பொருத்தமும் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு கிடையாது. தலையாட்டியது தலையாட்டியதுதான்.

அப்புறம் மெஷின். சட்டம் சொல்லும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். தம்பிக்குக் காட்டியது 68, இரண்டு மடங்குக்கும் மேல். “ஒரே ஒரு பீர்” என்று அவர் சொல்வது பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் அதில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 80ஐத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தும். சாதாரண 5 சதவீத பீரே ஒரு முழு பாட்டில் உள்ளே போனால் 50ஐத் தொடும். ஒரு கட்டிங்குக்கு 60 வரை போகும். சாப்பாடு, எடை, நேரம் எல்லாம் பொறுத்து மாறும் என்றாலும், 30ஐத் தாண்ட ‘ஒரே ஒரு’ எதுவும் போதும். அப்படி ஏறியது இறங்க வெகு நேரம் ஆகும். உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆஃப் குடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, விபூதி பூசி, காலை ஆறு மணிக்கு லாரி எடுத்த ஒரு டிரைவர் என்னிடம் வந்தார். “நான் இன்னிக்குக் குடிக்கவே இல்லையே சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. மெஷின் காட்டியதும் உண்மை.

மெஷின் தவறவே தவறாதா என்றால், தவறும். வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலையும் அது பிடித்துக்கொள்ளும். மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதி சொட்டு மருந்து எல்லாமே சற்று நேரத்துக்கு ரீடிங் கொடுக்கும். கேரளத்தில் 2025ல் பந்தளம் அரசு பஸ் டிப்போவில் பலாப்பழம் சாப்பிட்ட டிரைவர்களை மெஷின் குடித்தவர்களாகக் காட்டியது பேப்பரில் வந்தது. இப்படி வரும் ரீடிங் கால் மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் அங்கேயே வாயைக் கொப்பளித்து, பதினைந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை ஊத அனுமதி கேட்க வேண்டும். 203வது பிரிவே, கைதானவருக்கு ஸ்டேஷனில் மறுபடி ஊத ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. ஊதுவதற்கு முன் மெஷின் பூஜ்யம் காட்டியதா என்பதும் முக்கியம். பூஜ்யம் காட்டாத மெஷினில் எடுத்த ரீடிங்கை நம்பிப் போட்ட ஒரு வழக்கில், 185வது பிரிவுக் குற்றச்சாட்டைக் கேரள உயர்நீதிமன்றம் 2025ல் ரத்து செய்தது. தம்பியிடம் இருக்கும் பிரிண்ட் சீட்டை எடுத்துப் பாருங்கள். பெயர், தேதி, நேரம், மெஷின் எண், அந்தப் பூஜ்ய ரீடிங், கையெழுத்து எல்லாம் இருக்கிறதா? நேரம் சம்மனில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? வெப்பத்தாளில் அடிக்கும் சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஊதாமலே இருந்திருக்கலாமோ என்று நண்பர்கள் இப்போது ஐடியா சொல்வார்கள். மறுத்தால் போலீஸ் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஸ்டேஷனிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்கும் மறுத்தால், தகுந்த காரணம் காட்டாதவரை அந்த மறுப்பையே கோர்ட் எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். போலீசுக்கும் கடமை உண்டு. 185ல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அல்லது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும். வெறும் வாடை வந்தது, தள்ளாடினான், கண் சிவந்திருந்தது என்று எழுதி மட்டும் ஒருவரைக் குடிபோதையில் இருந்ததாக முடிவு கட்ட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1971லேயே பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் சொல்லிவிட்டது.

வழக்கை நடத்துவதா, ஒப்புக்கொள்வதா? நேர்மையாகச் சொல்கிறேன். தம்பி குடித்திருக்கிறார், அவரே ஒப்புக்கொள்கிறார், ரீடிங்கும் அவர் சொன்ன பீரோடு பொருந்துகிறது. சீட்டில் மேலே சொன்ன ஓட்டை ஏதும் இல்லை என்றால், இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து தோற்பதில் பயனில்லை. ஓட்டை இருந்தால் மட்டும் நடத்துங்கள். அந்த முடிவை எடுப்பதற்கு முன் யாரும் தலையாட்டிவிடக் கூடாது. என் கோரிக்கை அவ்வளவுதான். முதல் வாய்தாவில் ‘ஒப்புக்கொள்ளவில்லை, ஆவண நகல் வேண்டும்’ என்று வக்கீல் சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஐயாயிரம் ஆசாமியைப் பற்றி: இந்த ரகத்தை எல்லாக் கோர்ட் வாசலிலும் பார்த்திருக்கிறேன். மெஷினில் பதிவான, சம்மன் எண் விழுந்த வழக்கை அவரால் மறைக்க முடியாது. அவர் செய்யப்போவது, உங்கள் தம்பியை வரிசையில் நிற்க வைத்து ஒப்புக்கொள்ளச் சொல்வது. அபராதமும் உங்கள் தலையில், ஐயாயிரமும் உங்கள் தலையில். நிஜமாகவே யாருக்கோ கொடுத்து மறைக்கிறார் என்றால் அது லஞ்ச வழக்கு. தம்பி இருக்கும் சிக்கல் போதும்.

லைசென்ஸ் விஷயம் அபராதத்தைவிடப் பெரியது. போலீஸ் அதை வைத்துக்கொள்ளக் கூடாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். 19வது பிரிவில் 2019ல் சேர்த்த உட்பிரிவின்படி, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம், இரண்டாவது குற்றத்துக்கு லைசென்சையே ரத்து செய்வது. நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஆனாலும் உங்கள் தரப்பைக் கேட்காமல் அதிகாரி உத்தரவு போட முடியாது. காரணங்களை எழுத்தில் தர வேண்டும். விட்டுவிடவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டு, ‘வந்து விளக்கம் தரவில்லை’ என்று எழுதி முடித்துவிட்ட கேஸ்கள் நிறைய உண்டு. லைசென்சில் இருக்கும் முகவரி இப்போதைய முகவரிதானா என்று பாருங்கள்.

போலீஸ் கொடுத்த அந்தச் சீட்டு லைசென்சுக்கான ரசீது மட்டும். அதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை ஓட்ட அனுமதி இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. போனில் டிஜிலாக்கர் நகல் இருப்பதும் உதவாது. தகுதி நீக்கம் செய்த பிறகு ஓட்டிப் பிடிபட்டால் 182வது பிரிவு, இன்னொரு 10,000, மூன்று மாதம் வரை சிறை. இந்த இடைக்காலத்தில் தம்பி பஸ்ஸில் போவது நல்லது.

வண்டியை அப்பா போய்க் கேட்கலாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அப்பாவின் லைசென்ஸ் மூன்றையும் எடுத்துப் போகட்டும். கைது செய்யும்போது வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைப்பது அதில் வராது. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தால் வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர்நீதிமன்றம் 2021ல் சொன்னது. நம் ஊர் ஸ்டேஷனை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் வக்கீல் எடுத்துக்காட்டலாம். தர மறுத்தால் வண்டியைத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் ஒரு மனு போட்டால் போதும்.

அப்பாவுக்குத் தனியாகச் சிக்கல் வர, தம்பி குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். 188வது பிரிவு, குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது. சாயங்காலம் சாதாரணமாக எடுத்துப்போன வண்டிக்கு அது பொருந்தாது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர்மேல் இதே பிரிவில் வழக்குப் போடும் வழக்கம் சென்னையில் 2022 அக்டோபரில் தொடங்கியது. பின்னால் உட்கார்ந்ததே துணைபோவதாகுமா என்பது வாதத்துக்குரியது. குடிக்கும் இடத்திலிருந்தே கூட இருந்து, ‘நீ ஓட்டுடா’ என்று சொன்னவருக்கும், வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவருக்கும் வித்தியாசம் உண்டு. அவருக்குச் சம்மன் வந்தால் தனி வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரே மாதிரி இருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி யார்மீதாவது மோதியிருந்தால் இந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். உயிர் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. குடித்திருந்ததும் வேகமும் சேர்ந்தால் கொலையாகாத மரணம் என்ற பெரிய பிரிவுக்கே போகலாம். மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006ல் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012ல் அப்படித்தான் தண்டனையை உறுதி செய்தது. இன்ஷூரன்சும் கைவிடும். சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம் என்று 2021ல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டுகள் உத்தரவிட்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் உரிமையாளர் யார்? அப்பா.

சிங்கப்பூர். தம்பியிடம் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால், இந்த வழக்கு மட்டும் அவர் பயணத்தைத் தடுக்காது. வாய்தா தேதியில் இங்கே இல்லாமல் போனால் பிடிவாரன்ட் வரும், அது தடுக்கும். புதிதாக விண்ணப்பிப்பதாக இருந்தால் நிலுவையில் உள்ள வழக்கைப் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே தனிக் குற்றம். வழக்கு நடக்கும்போதே பாஸ்போர்ட் வேண்டுமென்றால் கோர்ட் அனுமதி வாங்கிக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறும் வழி இருக்கிறது. வேலை அனுமதிப் படிவத்தில் ‘எப்போதாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா’ என்று கேட்டால், 2021க்காகவே ‘ஆம்’ என்று எழுத வேண்டியிருக்கும். சின்ன அபராதம்தானே என்று ஏஜென்ட் ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவார். கையெழுத்து தம்பியுடையது, ஆகவே படிவத்தை அவரே வரி வரியாகப் படித்துப் பார்க்கட்டும்.

முதல் வேலையாக, 2021ல் பணம் கட்டிய கோர்ட்டில் நகல் மனு போட்டு அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ரசீது இருந்தால் அதில் வழக்கு எண் இருக்கும், இல்லாவிட்டாலும் பெயரையும் வருஷத்தையும் வைத்து வக்கீல் குமாஸ்தா தேடி எடுத்துவிடுவார். அதையும், இப்போதைய சம்மனையும், மெஷின் சீட்டின் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.